ஆழ் நீரில் இரு மீன்கள்: கொலராடோ அணையில் இழுதூண்டில் முறை

அணை கட்டி நீரைத் தேக்கினால் பாசனமும் மின்சாரமும் கிடைக்கின்றன. அத்துடன் மீனும் கிடைக்கிறது. ஆனால் எந்த மீனை விடுவது, எதை எவ்வளவு பிடிப்பது என்பதில் கணக்குத் தவறினால் பல ஆண்டு உழைப்பு வீணாகிவிடும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள புளூ மேசா நீர்த்தேக்கம் இதற்குத் தக்க சான்றாகும். அங்கு மீன் பிடிக்கும் முறையையும், அம்முறைக்கும் மீன்வளத்துக்கும் உள்ள தொடர்பையும் மீன் வளர்க்கும் விவசாயிகள் அறிந்துகொள்வது பயன் தரும்.

கன்னிசன் ஆற்றின் குறுக்கே மண்ணால் கட்டப்பட்ட புளூ மேசா அணை 1966-ஆம் ஆண்டில் முடிவடைந்தது. நீர்த்தேக்கம் சுமார் 20 மைல் நீளமுடையது. கடல் மட்டத்திலிருந்து 7,500 அடிக்கு மேல் மலைப்பகுதியில் அமைந்திருப்பதால் கோடையிலும் அடிநீர் குளிர்ந்தே இருக்கும். குளிர்ந்த நீரை விரும்பும் இரண்டு மீன்கள் இங்கு முக்கியமானவை. ஒன்று கொக்கனி. மற்றொன்று ஏரி டிரவுட்.

இரு மீன்களின் இயல்பு

கொக்கனி என்பது சாக்கை எனப்படும் சால்மன் மீனின் ஒரு வகை. சால்மன் கடலுக்குச் சென்று வளர்ந்து ஆற்றுக்குத் திரும்பும். கொக்கனியோ கடலையே காணாமல் நன்னீரிலேயே வாழ்நாளைக் கழிக்கிறது. நீரில் மிதக்கும் மிகச் சிறிய உயிரினங்களைச் செவுள் முட்களால் வடிகட்டி உண்பதே இதன் வழக்கம். பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் முதிர்ச்சி அடைந்து, இலையுதிர் காலத்தில் ஆற்றில் ஏறி முட்டையிட்டு, அத்துடன் மடிந்துவிடும்.

ஏரி டிரவுட் இதற்கு முற்றிலும் மாறானது. மெதுவாக வளரும், இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஓரளவு வளர்ந்தபின் பிற மீன்களையே இரையாகக் கொள்ளும். 2007-ஆம் ஆண்டில் இந்நீர்த்தேக்கத்தில் 50 பவுண்டுக்கும் அதிகமான எடையுள்ள ஏரி டிரவுட் பிடிபட்டது. நம் நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-இல் தொடங்கிய குஞ்சு பொரிப்பகத்தின் மூலம் டிரவுட் என்ற பெயர் தமிழகத்துக்கும் அறிமுகமானதே. ஆனால் நீலகிரி ஓடைகளில் உள்ளது வானவில் டிரவுட். ஏரி டிரவுட் வேறு இனம்.

நீரின் அடுக்குகள்

கோடையில் வெயில்பட்ட மேல்நீர் சூடாகி எடை குறைந்து மேலேயே தங்கும். குளிர்ந்த நீர் கனமாக இருப்பதால் கீழே நிற்கும். இரண்டுக்கும் இடையே வெப்பம் திடீரென்று குறையும் ஓர் அடுக்கு உண்டு. கொக்கனி சுமார் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீரை நாடும். ஆகவே வசந்த காலத்தில் மேல்நீரில் திரியும் இம்மீன், கோடை முற்ற முற்ற 30, 50, 70 அடி ஆழத்துக்கு இறங்கிவிடும். ஏரி டிரவுட் இன்னும் குளிர்ச்சியை விரும்புவதால் அதற்கும் கீழே, பெரும்பாலும் அடித்தரையை ஒட்டி இருக்கும். இரை தேடும்போது மட்டும் மேலே வந்து கொக்கனிக் கூட்டத்தைத் தாக்கும். எனவே எந்த ஆழத்தில் தூண்டிலை விடுவது என்பதே இங்கு முதல் கேள்வி. ஒலி அலை மூலம் மீன் கூட்டத்தைக் காட்டும் கருவியைப் படகில் பொருத்தி ஆழத்தை அறிந்துகொள்கிறார்கள்.

இழுதூண்டில் முறை

ஓடும் படகின் பின்னே தூண்டில் நூலை விட்டு மெதுவாக இழுத்துச் செல்வதை டிரோலிங் என்பர். கடலில் வலையை இழுக்கும் இழுவலை முறை வேறு. இதில் வலை கிடையாது. ஒவ்வொரு மீனும் தூண்டிலில்தான் பிடிபடும்.

தூண்டிலை ஆழத்தில் நிறுத்த இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, எட்டு முதல் பன்னிரண்டு பவுண்டு எடையுள்ள ஈயக் குண்டைக் கம்பி வடத்தில் கட்டி, படகின் ஓரத்திலுள்ள உருளையின் மூலம் இறக்குவது. தூண்டில் நூல் ஒரு கவ்வியால் இக்குண்டுடன் இணைக்கப்பட்டிருக்கும். மீன் கவ்வியதும் நூல் விடுபட்டுவிடும். பிறகு குண்டின் பாரம் இல்லாமல் மீனை இழுக்கலாம். படகு ஓடும்போது வடம் பின்னோக்கிச் சாயுமாதலால், இறக்கிய நீளத்தைவிட உண்மையான ஆழம் குறைவாகவே இருக்கும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, செலவு குறைந்த வழி. ஈயக் கம்பியை உள்ளே வைத்துப் பின்னிய நூலைப் பயன்படுத்துவது. இந்நூலில் முப்பது அடிக்கு ஒரு நிறம் மாறும். மெதுவான வேகத்தில் ஒரு நிறத்துக்கு ஏறத்தாழ ஐந்து அடி ஆழம் இறங்கும். முப்பது அடி ஆழம் வேண்டுமானால் ஆறு நிறம் விட வேண்டும்.

கொக்கனிக்குப் படகின் வேகம் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவில் இருந்தால் போதும். அதாவது ஆள் நடப்பதைவிட மெதுவாகச் செல்ல வேண்டும். ஏரி டிரவுட்டுக்குச் சற்றே வேகம் கூட்டலாம். நேர்கோட்டில் செல்லாமல் பாம்பு ஊர்வது போல வளைந்து செல்வது நல்லது. வளையும்போது வெளிப்புறத் தூண்டில் வேகம் கூடி மேலெழும்; உட்புறத் தூண்டில் வேகம் குறைந்து தாழும். எந்தப் பக்கம் மீன் கடிக்கிறதோ, அதைக் கொண்டு வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

மக்காச்சோளமும் மினுங்கும் தகடும்

மிதவை உயிர்களை உண்ணும் கொக்கனி தூண்டிலைக் கவ்வுவது வியப்புக்குரியதே. பசியால் அல்ல, எரிச்சலால்தான் கவ்வுகிறது என்பது மீன்பிடிப்போர் கருத்து. ஆகவே கண்ணைப் பறிக்கும் வகையில் தூண்டிலை அமைக்கிறார்கள். முதலில் பளபளப்பான உலோகத் தகடு ஒன்று. அது நீரில் பக்கவாட்டில் ஆடி ஒளியை வீசும். அதன் பின்னே ஓர் அடி அளவு நூலில் இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில் சிறு போலி இரை. கொக்கியின் முனையில் ஒரு வெள்ளை மக்காச்சோள மணி. மணி கொக்கியில் உதிராமல் நிற்பதுடன், அதில் மணம் ஏற்றுவதும் எளிது.

கொக்கனியின் வாய் மிக மென்மையானது. வெடுக்கென்று இழுத்தால் கொக்கி கிழிந்து மீன் தப்பிவிடும். எனவே வளையும் தன்மையுள்ள கோலைப் பயன்படுத்தி, நூலைத் தளரவிடாமல் ஒரே சீராகச் சுற்றிப் படகருகே கொண்டுவந்து கைவலையில் ஏந்த வேண்டும். ஏரி டிரவுட்டுக்கு மீன் வடிவப் பெரிய போலி இரையும் உறுதியான கோலும் தேவை. அதிகாலை நேரம் இரண்டுக்கும் ஏற்றது. பிற்பகலில் மலைக்காற்று எழுமாதலால் சிறு படகுகள் அதற்கு முன்பே கரை சேர்வது பாதுகாப்பானது.

தின்னும் மீனும் தின்னப்படும் மீனும்

புளூ மேசா கொக்கனி தானாகப் பெருகி நிலைப்பதில்லை. நீர்த்தேக்கத்துக்கு மேலே ஈஸ்ட் ஆற்றங்கரையில் உள்ள ரோரிங் ஜூடி குஞ்சு பொரிப்பகத்திலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் இலட்சக்கணக்கான குஞ்சுகள் ஆற்றில் விடப்படுகின்றன. வழியில் பிற மீன்கள் விழுங்கிவிடாமல் இருக்க இரவு நேரத்திலேயே விடுவார்கள். அவை நீரோட்டத்தோடு நீர்த்தேக்கத்தை அடைந்து வளர்ந்து, சில ஆண்டுகளில் பிறந்த இடத்துக்கே திரும்பும். அப்போது எடுக்கும் முட்டைகளே மறு ஆண்டுக் குஞ்சுகளுக்கு விதை. மாநிலத்தின் மற்ற நீர்த்தேக்கங்களுக்கும் இவ்விதை தேவைப்படுகிறது. விதை நெல்லை எலி தின்றால் அடுத்த போகம் என்னாகுமோ, அதுவே கொக்கனி குறைந்தாலும் ஆகும்.

ஏரி டிரவுட் நீர்த்தேக்கத்திலேயே இனப்பெருக்கம் செய்து பெருகத் தொடங்கியதும் கொக்கனி வெகுவாகக் குறைந்தது. பெரிய டிரவுட் சிலவே. நடுத்தர அளவுள்ளவையோ ஏராளம். தனித்தனியே சிறிதளவு தின்றாலும் எண்ணிக்கையால் இவற்றின் மொத்தத் தீனி பெரிதாகிறது. கொக்கனி தீர்ந்தால் டிரவுட்டும் இரையின்றி மெலியும். ஆகவே பெரிய டிரவுட்டை விரும்புவோருக்கும் கொக்கனியைக் காப்பதே நன்மை. இதனால் மாநில வனவிலங்குத் துறை 2020-ஆம் ஆண்டில் சிறிய ஏரி டிரவுட்டைப் பிடிப்போருக்குப் பரிசு அறிவித்தது. இழுதூண்டில் இவ்வாறு பொழுதுபோக்காக மட்டுமின்றி, களை எடுக்கும் கருவியாகவும் ஆயிற்று.

நீர்மட்டமும் இதில் பங்கு பெறுகிறது. 2021-ஆம் ஆண்டில் வறட்சியின்போது கீழே உள்ள பவல் ஏரிக்காக இங்கிருந்து அவசரமாக நீர் திறக்கப்பட்டது. நீர் சுருங்கும்போது தின்னும் மீனும் தின்னப்படும் மீனும் குறுகிய இடத்தில் நெருங்கி வாழ நேரிடும்.

நம் குளத்துக்கு ஒரு பாடம்

கொக்கனியும் ஏரி டிரவுட்டும் நம் சமவெளிக் குளங்களில் வாழா. ஆனால் அவற்றின் கணக்கு நமக்கும் பொருந்தும். கட்லா, ரோகு குஞ்சு விட்ட குளத்தில் விரால் இருந்தால் அதுவே நம் ஏரி டிரவுட். எனவே குஞ்சு விடுவதற்கு முன் கோடையில் குளத்தை வற்றச் செய்து காயவிட வேண்டும். வற்றாத குளமாயின் ஒரு மீட்டர் ஆழ நீருக்கு எக்டேருக்கு 2,500 கிலோ வீதம் இலுப்பைப் பிண்ணாக்கு இடலாம். பத்து சென்ட் குளத்துக்கு இது சுமார் 100 கிலோ ஆகும். நஞ்சு நீங்க மூன்று வாரம் வரை ஆகுமாதலால் அதுவரை குஞ்சு விடக்கூடாது. அந்நீரை வாய்க்காலில் வடியவிடவும் கூடாது. பிறகு பிண்ணாக்கு மக்கிக் குளத்துக்கு உரமாகும்.

மழைக்காலத்தில் வரத்து வாய்க்கால் வழியே விரால் மீண்டும் நுழையும். ஆகவே நீர் நுழையும் வாயில் நெருக்கமான கண்ணுள்ள வலைத் தடுப்பு அமைப்பதுடன், விரலளவுக்கு மேல் வளர்ந்த குஞ்சுகளையே விட வேண்டும். விட்ட மீனை எண்ணுவதோடு நில்லாமல், தின்னும் மீனையும் எண்ணிக் களைபவரே அறுவடைக் காலத்தில் முழுப் பலன் பெறுவர்.