தொலைந்த ஒலியின் நான்கு எழுத்துகள்

ஆங்கிலம் படிக்கும் எந்தப் பிள்ளையும் ஒரு கட்டத்தில் ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கு எழுத்துகளிடம் மாட்டிக்கொள்ளும். 'ஆயினும்' என்று பொருள்படும் சொல்லில் இந்த நான்கும் சேர்ந்து வந்தால் 'தோ' என்கிறோம், 'வழியாக' என்பதற்கு 'த்ரூ', கடினத்துக்கு 'டஃப்', இருமலுக்கு 'காஃப்', மரக்கிளைக்கு 'பௌ', எண்ணத்துக்கு 'தாட்', முழுமையானது என்பதற்கு பிரிட்டன்காரர் வாயில் 'தர'. எழுத்துக் கோவை ஒன்று, ஒலிகள் ஏழு. "ஆங்கிலத்துக்கு விதியே கிடையாது, மனப்பாடம் செய்துகொள்" என்று சொல்லிவிட்டு வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது. அந்தப் பதில் தவறு என்பதே என் கட்சி. இந்த நான்கு எழுத்துகளும் ஆங்கிலம் இழந்துவிட்ட ஓர் ஒலியின் பதிவு. அந்த ஒலி எது, எப்படிப் போனது என்று தெரிந்தால் குழப்பத்தில் பெரும்பகுதி விலகிவிடும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் தொண்டையை உரசிக்கொண்டு வரும் ஒரு காற்றொலி இருந்தது. 'அஃது' என்று அழுத்திச் சொல்லும்போது ஆய்தத்தில் கேட்பதற்கு நெருக்கமான ஒலி. அக்காலத்தார் அதை எச் என்ற ஒற்றை எழுத்தால் குறித்தார்கள். 1066 இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு மரபில் பழகிய எழுத்தர்களின் காலத்தில், அதே ஒலிக்கு ஜி-எச் என்ற இரட்டை எழுத்து வழக்கத்துக்கு வந்தது. எழுதியபடியேதான் அன்று உச்சரித்தார்கள். இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆங்கிலத்தின் உடன்பிறப்பான ஜெர்மன் மொழியில் அந்த ஒலி இன்றும் உயிரோடு இருக்கிறது: 'த்ரூ'வுக்கு இணை 'துர்க்', இரவைக் குறிக்கும் 'நைட்'டுக்கு இணை 'நாக்ட்', 'டாட்டர்' எனும் மகளுக்கு இணை 'டோக்டர்'. ஆங்கிலச் சொல்லில் ஜி-எச் ஊமையாக நிற்கும் இடத்தில் ஜெர்மன் சொல் வாய்விட்டுப் பேசுகிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏரியை 'லாஃக்' என்று சொல்லும்போதும் கேட்பது இதே ஒலிதான்.

ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரை இந்த ஒலி இங்கிலாந்தின் பெரும்பகுதியில் நாவிலிருந்து நழுவியது. எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நழுவவில்லை என்பதுதான் இதில் முக்கியம். சில வட்டாரங்களில் அது முற்றிலும் மறைந்தது. சில இடங்களில் உதட்டுக்கு ஏறி 'ஃப்' ஆனது. லண்டன் பேச்சு ஒரு சொல்லை இந்த வட்டாரத்திலிருந்தும் இன்னொன்றை அந்த வட்டாரத்திலிருந்தும் எடுத்துக்கொண்டது. அதே காலத்தில் ஆங்கில நெடில்கள் பலவும் இடம் மாறிக்கொண்டிருந்தன. வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தது 1476 இல். ஒலி மாறிக்கொண்டிருந்தபோதே அச்சு பழைய எழுத்தைப் பரப்பி நிலைக்க வைத்தது. நாக்கு போன வழியில் எழுத்து போகவில்லை. இந்த மாற்றத்தை நாம் தினமும் கையாளும் ஒரு சொல்லிலேயே காணலாம். வங்கியில் எடுக்கும் டிராஃப்டும், காற்றோட்டத்தைக் குறிக்க பிரிட்டனில் ஜி-எச் போட்டு எழுதப்படும் 'டிராஃப்ட்'டும் அடிப்படையில் ஒரே சொல். ஒன்று பழைய எழுத்தைக் காக்கிறது, மற்றொன்று புதிய ஒலிக்கு ஏற்ப எஃப் போட்டுக்கொண்டது. 'த்ரூ'வும் 'தர'வும்கூட ஒரே சொல்லின் இரு கிளைகள்தாம்.

இப்படிப் பார்த்தால் குவியலுக்குள் குடும்பங்கள் தெரிகின்றன. நான்கு எழுத்துக்குப் பின் டீ வந்தால் ஒலி அநேகமாக 'ஆட்'தான்: பாட், ப்ராட், தாட், ஃபாட், சாட். வாங்கு, கொண்டுவா, நினை, சண்டையிடு, தேடு என்ற வினைகளின் இறந்தகால வடிவங்கள் இவை. நினைப்பதற்கான 'திங்க்', தேடுவதற்கான 'சீக்' ஆகியவற்றின் ககர ஒலிதான், டீக்கு முன் உரசொலியாகி, ஜி-எச் ஆக நிற்கிறது. அன்றாடச் சொற்களில் இந்த வரிசைக்கு அடங்காதது வறட்சியைக் குறிக்கும் 'ட்ரௌட்' ஒன்றுதான். 'ஃப்' என்று முடிபவற்றில் அடிக்கடி வருபவை ஐந்து: காஃப், ட்ராஃப், ரஃப், டஃப், இனஃப். ஜி-எச் 'ஃப்' ஆவது உயிரொலிக்குப் பிறகுதான், சொல்லின் தொடக்கத்தில் ஒருபோதும் ஆகாது. ஜி-எச்-ஓ-டி-ஐ என்று எழுதி அதை 'ஃபிஷ்' என்று படிக்கலாம் என்ற பழைய கேலி இதனால்தான் செல்லாது. அதைப் பெர்னார்ட் ஷா சொன்னதாகப் பலர் நம்புகிறார்கள். அவர் பிறப்பதற்கு முன்பே, 1855 இல் எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் அது இருக்கிறது.

எழுத்து அப்படியொன்றும் நேர்மையான சாட்சி இல்லையே என்று ஒருவர் மறுக்கலாம். அதில் நியாயம் உண்டு. மகிழ்ச்சியைக் குறிக்கும் 'டிலைட்' பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அதில் அந்த உரசொலி இருந்ததே இல்லை. ஒளியைக் குறிக்கும் 'லைட்'டைப் பார்த்து ஜி-எச் ஒட்டிக்கொண்டது. விக்கலுக்கான 'ஹிக்கப்'பில் இருமலுக்கும் பங்கு உண்டு என்று எண்ணி, அதன் வாலிலும் இந்த நான்கு எழுத்துகளை மாட்டினார்கள். ஆனால் இத்தகைய போலிகள் மிகச் சில. அவையும் பழக்கமான கோவையின் ஈர்ப்பால் பிறந்தவை.

வலுவான மறுப்பு வேறு: பேசுகிறபடி எழுதிவிட்டால் தீர்ந்ததே! 1906 இல் அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் 300 சொற்களை எளிய எழுத்தில் அச்சிடும்படி அரசு அச்சகத்துக்கு ஆணையிட்டார். 'தோ', 'த்ரூ' இரண்டும் ஜி-எச் உதிர்ந்து பட்டியலில் இருந்தன. காங்கிரஸ் எதிர்த்தது, ஆணை கைவிடப்பட்டது. 1934 இல் எழுத்துச் சீர்திருத்தத்தில் இறங்கிய சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் 1975 இல் அந்த இரு சொற்களையும் பழைய வடிவத்துக்கே திருப்பியது. தடை வெறும் பிடிவாதம் அல்ல. பிரிட்டனில் 'தர' என்பது அமெரிக்காவில் 'தரோ'. யாருடைய வாய்க்கு ஏற்ப எழுதுவது? தமிழ் பேசும் பலரும் ரகரத்தையும் றகரத்தையும் ஒன்றாகவே ஒலிக்கிறோம். அதற்காக 'அரம்', 'அறம்' இரண்டையும் ஒரே மாதிரி எழுத நாம் சம்மதிப்பதில்லை. ஆங்கிலேயரிடம் மட்டும் அதை எதிர்பார்ப்பது சரியில்லை. அமெரிக்காவில் கலப்பைக்கான சொல் ஜி-எச்சை விட்டது, யாரும் அழவில்லை. ஒவ்வொரு சொல்லாக, பழக்கத்தால் மாறுவது வேறு, ஆணையால் மாற்றுவது வேறு.

சரித்திரம் தெரிந்தால் தேர்வில் மதிப்பெண் வருமா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. ஏழு ஒலிகளையும் ஒரே நாளில் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளைத் திகைக்க வைக்காதீர்கள். முதலில் டீயில் முடியும் குடும்பத்தை அதன் வினைச்சொற்களோடு சொல்லிக்கொடுங்கள். பிறகு 'ஃப்' குடும்பத்தின் ஐந்து சொற்கள். எஞ்சும் சில சொற்களை ஒவ்வொன்றாகப் பழக்கினால் போதும். ஏன் இப்படி என்று ஒரு பிள்ளை கேட்டால், தொலைந்துபோன அந்த ஒலியை ஒருமுறை ஒலித்துக் காட்டுங்கள்.