ஆழத்துக் கிணற்று நீர்: தெளிவாக இருந்தால் போதுமா?

தண்ணீர் விநியோகத் தடை அடிக்கடி வரும்போது பல வீடுகளில் ஒரு பேச்சு எழுகிறது: பின்புறத்தில் ஓர் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டால் என்ன? தோட்டத்து லயன் வீடுகளில் கிணற்று நீர் குடித்து வளர்ந்தவர்கள், "அப்போதெல்லாம் இதைத்தானே குடித்தோம், நமக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்பதும் இயல்பே. ஆனால் அதே காலத்தில் வயிற்றுப்போக்கும் குடற்காய்ச்சலும் வந்து போனதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கிணற்று நீர் நல்லதா கெட்டதா என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அது எந்த அடுக்கிலிருந்து வருகிறது, அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பொறுத்ததே எல்லாம்.

பூமிக்கு அடியில் என்ன நடக்கிறது?

நிலத்துக்குக் கீழே ஆறு ஓடுவதாகச் சிலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் அப்படி இல்லை. மழை நீர் மண்ணுக்குள் இறங்கி, மணல், சரளைக்கல் ஆகியவற்றின் இடுக்குகளில் பஞ்சில் ஊறிய நீர்போல் தங்குகிறது. இதை நீர்தாங்கி என்பார்கள். இரண்டு நீர்தாங்கிகளுக்கு நடுவே களிமண் அடுக்கு இருந்தால், மேலே உள்ள நீர் கீழே இறங்குவது மிகவும் கடினம்.

நம் நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கிளந்தான். அம்மாநிலம் குழாய் நீருக்கு நிலத்தடி நீரைப் பெரிதும் நம்பியிருக்கிறது. கோத்தா பாருவில் 1935ஆம் ஆண்டிலிருந்தே அதை எடுத்து வருகிறார்கள். அங்குள்ள சமவெளியில் சுமார் 20 மீட்டர் ஆழம் வரை ஓர் அடுக்கு, அதற்குக் கீழே இன்னோர் அடுக்கு, 50 மீட்டருக்கும் கீழே ஆழமான அடுக்கு என்று நீர் பிரிந்து கிடக்கிறது. நடு அடுக்கில் கடலோரப் பகுதிகளில் உவர்ப்பு உண்டு. மேல் அடுக்கில் பல இடங்களில் இரும்புச் சத்து அதிகம். ஒரே ஊர், ஒரே நிலம். குழாய் எத்தனை மீட்டர் இறங்குகிறது என்பதைப் பொறுத்து மூன்று விதமான தண்ணீர்.

மணலில் நிலத்தடி நீர் ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர் நகரலாம், ஒரு மீட்டரும் நகரலாம். ஆழத்தில் வேகம் இன்னும் குறைவு. இந்த மெதுவான பயணம் ஒரு வகையில் நமக்கு நன்மை: வழியில் பல கிருமிகள் வடிகட்டப்படும் அல்லது மடிந்துபோகும். மறுபக்கம், அழுக்கு ஒருமுறை புகுந்துவிட்டால் அது வெளியேற எத்தனையோ ஆண்டுகள் ஆகும். சுண்ணாம்புப் பாறை உள்ள கிந்தா பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் கதை வேறு. அங்கே நீர் பாறை வெடிப்புகளில் வேகமாகப் பாயும். வடிகட்ட நேரம் இருக்காது. அதனால் ஈப்போவில் இருப்பவர் கோத்தா பாருவில் உள்ள உறவினரின் கிணற்றைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

நிபுணர்கள் எப்படிக் கண்டறிகிறார்கள்?

முதலில் பல கிணறுகளின் நீர்மட்டத்தை அளக்கிறார்கள். மட்டம் உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு நீர் நகரும். செப்டிக் தொட்டி, உரம் போடும் தோட்டம் ஆகியவை எந்தப் பக்கம் இருக்கின்றன என்பது இங்கே முக்கியம். பிறகு ஒரு கிணற்றிலிருந்து இடைவிடாமல், பெரும்பாலும் மூன்று நாட்கள் வரை, நீரை இறைத்து, பக்கத்துக் கிணறுகளில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கிறார்கள். கடலோரத்தில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு நீர் உள்ளே நகர்ந்து வரும். அந்த அபாயமும் இந்தச் சோதனையில் தெரியவரும்.

நீரின் வயதையும் கணிக்கலாம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் டிரிட்டியம் என்ற பொருள் மழையில் கூடுதலாகக் கலந்தது. அதன் தடயம் உள்ள நீர் பெரும்பாலும் அதற்குப் பின் பெய்த மழை. தடயமே இல்லையென்றால், நம்மில் பலர் பிறப்பதற்கு முன் பெய்த மழையாக இருக்கலாம். (பயப்பட வேண்டாம், இது ஆய்வுக்கூடக் கருவிக்கு மட்டும் புலப்படும் மிகச் சிறிய அளவு.) ஆழ்கிணற்றில் "இளைய" நீர் கிடைத்தால், மேலிருந்து எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள்.

கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

இறைத்தவுடன் பளிங்குபோல் இருக்கும் நீர், வாளியில் சற்று நேரம் வைத்ததும் பழுப்பாக மாறினால் அதில் இரும்பு கரைந்திருக்கிறது. காற்றுப் பட்டதும் அது துருவாகிறது. வெள்ளைத் துணியில் கறை படியும். தேநீர் வழக்கத்தைவிடக் கறுத்துப்போகும். கறுப்புப் படிவு என்றால் மாங்கனீசு. நமது குடிநீர்த் தரம் இரும்புக்கு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம், மாங்கனீசுக்கு 0.1 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. இரும்பு பெரும்பாலும் தொந்தரவுதான், ஆபத்து குறைவு. அது கண்ணில் படுவதால் கவனிக்கிறோம்.

கவலை தர வேண்டியவை நிறமும் மணமும் சுவையும் இல்லாதவை. வங்காளதேசத்தில் குளத்து நீரால் பரவிய நோய்களைத் தடுக்க 1970களில் ஏராளமான குழாய்க் கிணறுகளை அமைத்தார்கள். நீர் தெளிவாக இருந்தது; மக்கள் நம்பிக் குடித்தார்கள். 1993இல்தான் அந்நீரில் ஆர்செனிக் இருப்பது கண்டறியப்பட்டது. பல ஆண்டுகள் குடித்தவர்களுக்குத் தோலில் புள்ளிகளும் தடிப்புகளும், சிலருக்குப் புற்றுநோயும் வந்தன. அங்கே 150 மீட்டருக்கும் கீழே உள்ள நீரில் பெரும்பாலும் ஆர்செனிக் குறைவு. நம் நாட்டு நிலைமை அதுவே என்று சொல்ல வரவில்லை. சோதிக்காமல் கண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம். ஆர்செனிக்குக்கு நமது வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்.

நைட்ரேட் இன்னொன்று. உரத்திலிருந்தும் மலக்கழிவிலிருந்தும் வருவது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த நீரில் பால்மாவு கலந்து கொடுத்தால், இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாயலாம். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று எண்ணாதீர்கள். கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும். ஆர்செனிக்கும் நைட்ரேட்டும் உப்பும் அப்படியே இருக்கும், நீர் வற்றுவதால் சற்றுக் கூடவும் செய்யும்.

உயர் இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் உவர்ப்பு நீரைத் தவிர்க்க வேண்டும். வயதாக ஆக நாக்கின் சுவையுணர்வு மங்குவதால், உவர்ப்பு நமக்குத் தெரியாமலே போகலாம். வீட்டில் உள்ள இளையவர் ஒருவரைச் சுவைத்துப் பார்க்கச் சொன்னால் ஓரளவு தெரியும். சோதனை உறுதியாகச் சொல்லும்.

கிணறு போடுவதானால்

செப்டிக் தொட்டியிலிருந்து 30 மீட்டராவது தள்ளி இருப்பது நல்லது. குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சிமெண்டுக் கலவையால் அடைக்கச் சொல்லுங்கள். பணத்தை மிச்சப்படுத்த இதை விட்டுவிட்டால், மேல் அடுக்கின் அழுக்கு நீர் குழாயோரமாகவே கீழே இறங்கிவிடும். நூறு மீட்டர் தோண்டிய செலவு வீண்.

பொதுக் குழாய் நீரின் தரத்தை 1983 முதல் சுகாதார அமைச்சு ஒரு தேசியத் திட்டத்தின்கீழ் கண்காணித்து வருகிறது. சொந்தக் கிணற்றுக்கு அப்படி யாரும் தவறாமல் வந்து பார்ப்பதில்லை. சோதனைக்கு ஏற்பாடு செய்வது வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. உங்கள் வட்டாரத்துப் பெஜாபாட் கெசிஹாத்தானை அணுகி விவரம் கேளுங்கள். கிருமிச் சோதனைக்கு வீட்டிலுள்ள பழைய போத்தலில் நீர் பிடித்துச் செல்ல வேண்டாம். அதற்குக் கிருமி நீக்கிய போத்தல் வேண்டும். பனிக்கட்டியில் வைத்து ஒரு நாளுக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்க்கவும் வேண்டும். 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது.

வெள்ளம் கிணற்று வாயை மூடியிருந்தால், குளோரின் இட்டுச் சுத்தம் செய்து, மறுபடியும் சோதித்து முடிவு வரும்வரை அந்நீரைக் குடிக்காதீர்கள், சமையலுக்கும் பயன்படுத்தாதீர்கள். சோதனை அறிக்கைகளைத் தேதியுடன் ஒரு கோப்பில் வைத்திருங்கள். வயிற்றுப்போக்கு, தோலில் மாற்றம் என்று கிளினிக்குக்குப் போகும்போது, வீட்டில் குடிப்பது கிணற்று நீர் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லி, அந்தக் கோப்பைக் காட்டுங்கள்.