புள்ளியும் பொட்டும்

2000ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8ஆந் திகதி, புதன்கிழமை. காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர், ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தை அல் கோர் வென்றுவிட்டார் என்று அந்நாட்டுத் தொலைக்காட்சிகள் அறிவித்தன. ஒன்பது மணியளவில் அவ்வறிவிப்பு மீளப் பெறப்பட்டது. பிற்பகல் ஒன்றேகாலுக்கு, வென்றவர் ஜோர்ஜ் புஷ் என்றனர். மூன்று மணிக்கு அதுவும் இல்லையென்றாயிற்று. நான் குறிப்பன நம் நாட்டு நேரங்கள். அக்காலத்தில் நம் கடிகாரங்கள் இன்றிருப்பதிலும் அரைமணி முந்தி ஓடின. ஆதலின் அமெரிக்கக் கீழைக்கரைக்கும் நமக்கும் பதினொரு மணி வித்தியாசம். அவர்களுக்கு ஓர் இரவு முழுவதும் நிகழ்ந்த குழப்பம் நமக்கு ஒரு பகற்பொழுதில் அடங்கிற்று. தோல்வியை ஒப்புக்கொண்டு தொலைபேசியில் வாழ்த்துக் கூறிய கோர், ஆதரவாளர் முன் பேசப் போகும் வழியிலே செய்தியறிந்து, மறுபடியும் அழைத்து அவ்வாழ்த்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கொடுத்த வாழ்த்தை மீட்ட கதையை நான் நம் புராணங்களிலும் கண்டதில்லை.

அப்பொழுது நான் இளம் ஆசிரியன். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் மின்சாரம் நம்பத்தக்கதாய் இருக்கவில்லை, மாலையானால் ஊரடங்கு. எனக்குத் தொல்காப்பியம் பாடஞ்சொன்ன ஆசிரியர் இரண்டு ஒழுங்கை தள்ளி வாழ்ந்தார். கண்ணிற் புரை வளர்ந்து எழுத்து மறைந்துவிட்டமையால், பாடசாலை விட்டதும் நான் சென்று பத்திரிகை வாசித்துக் காட்டுவது வழக்கம். இரவில் அவரவர் வீட்டில் வெயிலிற் காயவைத்த பற்றறிகளைக் கொண்டு பீ.பீ.சி. தமிழோசை கேட்போம், கேட்டதை மறுநாள் ஒத்துப் பார்ப்போம். இவ்வாறு முப்பத்தாறு நாட்கள் கழிந்தன. எங்கள் வாழ்வோடு யாதொரு தொடர்புமில்லாத அத்தேர்தலில் அம்முதியவர் ஏன் அத்துணை ஈடுபட்டார் என்பது முதலில் எனக்கு விளங்கவில்லை. நான் ஈடுபட்டதற்கோ காரணம் இருந்தது. அதைப் பின்னர்ச் சொல்வேன்.

“நாடு முழுக்கக் கூடின வாக்கு எடுத்தவர் ஆர் தம்பி?” என்பது அவருடைய முதற் கேள்வி.

“கோர் ஐயா. 540,000க்கு மேல் கூட.”

“பிறகென்ன பிணக்கு?”

பிணக்கை விளக்குதல் எளிதாயிருக்கவில்லை. அமெரிக்கர் தம் சனாதிபதியை நேரே தெரிவதில்லை. மாநிலந்தோறும் தெரிவாளர் சிலரைத் தெரிகின்றனர். அவ்வாறு தெரியப்பட்ட 538 பேரில் 270 பேரின் வாக்கைப் பெற்றவரே சனாதிபதியாவார். மேனும் நெபிராஸ்காவும் ஒழிந்த மாநிலங்களில், ஒரு வாக்கு முந்தினவருக்கும் அம்மாநிலத்துத் தெரிவாளர் அனைவரும் உரியர். ஏனைய மாநிலங்கள் ஒருவாறு முடிந்தபோது கோருக்கு 267, புஷ்ஷுக்கு 246. எஞ்சியது புளோரிடா, அதற்கு 25 தெரிவாளர். அங்கே ஏறத்தாழ அறுபது இலட்சம் வாக்குகளில் புஷ் முதலில் 1,784 வாக்குகளால் முந்தியிருந்தார். இயந்திரத்தால் மறுபடி எண்ணியபோது அது முந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்தது. கடல் கடந்து வாழ்வோரின் வாக்குகள் சேர்ந்தபோது 930 ஆயிற்று.

பாம் பீச் என்னும் மாவட்டத்திலே வேறொரு வில்லங்கம். அங்கே முதியோர் மிகுதி. அவர்கள் கண்ணுக்குத் தெரியவேண்டுமே என்று எழுத்தைப் பெரிதாக்கினர். பெரிதாக்கவே பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோல இருபுறமும் பெயர்களை அச்சிட்டு, துளையிடும் வரிசையை நடுவில் வைத்தனர். இடப்புறத்தில் இரண்டாவதாக இருந்த கோருக்கு உரிய துளையோ மூன்றாவது. இரண்டாவது துளை வலப்புறத்திருந்த புக்கானனுக்கு உரியது. அம்மாவட்டத்தில் புக்கானன் 3,407 வாக்குகள் பெற்றார். அவற்றுட் பல தமக்கு இடக் கருதியவை அல்ல என்று அவரே சொன்னமை அவருடைய நேர்மை. இரண்டு துளை இட்டமையால் ஒழிந்த சீட்டுகள் அங்கே 19,000க்கு மேல். முதியோர்க்கு உதவவென்று செய்த காரியம் முதியோரையே மயக்கிற்று. இதைக் கேட்டு என் ஆசிரியர் நெடுநேரம் பேசாதிருந்தார். “கண் தெரியாதவனுக்குப் பெரிய எழுத்து மட்டும் போதாது தம்பி” என்றார் பின்பு.

இனி, துளையைப் பற்றிச் சொல்லவேண்டும். அச்சீட்டுகள் தடித்த அட்டைகள். ஒவ்வொரு பெயருக்கும் உரிய இடத்திலே சிறு சதுரம் முன்னரே கீறப்பட்டிருக்கும். வாக்காளர் ஓர் ஊசிக்கோலால் அதனைக் குத்த, அச்சதுரத் துண்டு கழன்று வீழும். ‘சாட்’ என்பது அத்துண்டுக்கு அவர்கள் இட்ட பெயர். முற்றாய்க் கழன்றால் இயந்திரம் எண்ணும். ஒரு மூலையிலே தொங்கினால்? இரண்டு மூலையில் ஊசலாடினால்? ஒருமூலை மட்டும் கழன்றிருந்தால்? ஒன்றுமே கழலாது, குத்தின அழுத்தம் மாத்திரம் தெரிந்தால்? அங்குள்ள அலுவலர் சீட்டை விளக்கொளியில் உயர்த்தி, கண்ணைச் சுருக்கி, வாக்காளர் கருத்து யாதென ஆராய்ந்தனர். பெருப்பிக்குங் கண்ணாடி பிடித்த ஒரு நீதிபதியின் விழி பிதுங்கிய படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது.

கண் தெரியாத ஆசிரியருக்கு இதை எவ்வாறு காட்டுவது? அவர் வீட்டில் ஒரு பழைய எழுத்தாணி இருந்தது. அஞ்சலட்டை ஒன்றை எடுத்து, சவர அலகால் நான்கு சதுரங் கீறி, எழுத்தாணியாற் குத்தினேன்: ஒன்று தொங்கலாய், ஒன்று ஊசலாய், ஒன்று ஒருமூலை கழன்றதாய், ஒன்று வெறும் அழுத்தமாய். அவர் விரலாற் தடவினார். நான்காவதிற் விரல் நின்றது.

“இது பொட்டில்லை” என்றார்.

‘பொட்டு’ என்பது நல்ல சொல். நெற்றியில் இடுவதும் பொட்டு. யாழ்ப்பாணத்து வேலியில் ஆள் புகுந்து போகும் இடைவெளியும் பொட்டு. இட்ட அடையாளத்துக்கும் விட்ட வெளிக்கும் ஒரே பெயர். அந்தச் சாட்டுக்கு இதனினும் பொருத்தமான தமிழ் எனக்குத் தோன்றவில்லை.

அன்று தொடங்கிற்று எங்கள் வாதம். நான் சொன்னது இது: ஏட்டுச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கமில்லை, எழுத்தாணி குத்தினால் ஓலை துளைபட்டுக் கிழியும் என்று அஞ்சி விட்டுவிடுவர். மெய்யின் இயற்கை புள்ளியோடு நிற்றல் என்று தொல்காப்பியர் விதித்திருந்தும் எழுதுவோர் விட்டனர். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது ஏட்டிலே இல்லாத புள்ளிகளைக் கருத்தறிந்து இட்டல்லவோ நமக்குத் தந்தார்? ஏட்டிற் புள்ளியில்லை, சீட்டிற் பொட்டில்லை. புலவன் கருத்தை உய்த்துணர்தல் தகுமாயின், வாக்காளன் கருத்தை உய்த்துணர்தல் ஏன் தகாது?

அவர் மறுத்தது இன்றும் என் செவியில் உள்ளது. “புள்ளியை எந்தப் பண்டிதன் இட்டாலும் ஒரே இடத்திலைதான் இடுவான். இலக்கணமும் யாப்பும் அவனை விடாது. உவங்கள் அப்பிடியோ? ஒரு மாவட்டத்தான் அழுத்தத்தை வாக்கெண்டு எடுக்கிறான். பக்கத்து மாவட்டத்தான் தள்ளுறான். அது வாசிக்கிறதில்லைத் தம்பி, எழுதுறது.”

உண்மையும் அதுவே. புரோவாட் மாவட்டத்தார் அழுத்தங்களைத் தாராளமாக ஏற்றனர். பாம் பீச்சார் இறுக்கமாயிருந்தனர். மியாமி-டேட் மாவட்டத்தார் எண்ணுதலை நடுவிலே கைவிட்டனர். நவம்பர் 26ஆந் திகதி மாலை ஐந்து மணி கெடு. பாம் பீச்சார் ஏறத்தாழ இரண்டு மணி பிந்திவிட்டனர். அவர்கள் கணக்கு ஏற்கப்படவில்லை. புஷ் 537 வாக்குகளால் வென்றார் என்று அன்றிரவு சான்றுரைக்கப்பட்டது.

டிசம்பர் 8ஆந் திகதி புளோரிடாவின் உயர் நீதிமன்றம், இயந்திரம் எண்ணாது விட்ட சீட்டுகளை மாநிலமெங்கும் கையால் எண்ணுக என்று நால்வர்க்கு மூவராகத் தீர்த்தது. மறுநாளே, எண்ணிக்கொண்டிருக்கும்போதே, கூட்டாட்சியின் உயர் நீதிமன்றம் ஐவர்க்கு நால்வராக அதை நிறுத்திற்று. 12ஆந் திகதி இரவு பத்து மணியளவில் இறுதித் தீர்ப்பு. இடத்துக்கு இடம் அளவுகோல் வேறுபடுதல் குற்றமென்று கண்டவர் எழுவர். ஆசிரியர் எழுத்தாணியைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையிற் சொன்ன அதே நியாயம்! நான் உள்ளபடியே வியந்தேன். ஆயினும் ஒரே அளவுகோல் வகுத்து எண்ண நாள் இல்லை என்று முடித்தோர் ஐவர். அந்நாள் 12ஆந் திகதியோடு கழிகின்றது என்பது அவர் கணக்கு. நாள் இல்லை என்ற தீர்ப்பு, அந்நாளில் இன்னும் இரண்டு மணி நேரம் எஞ்சியிருக்கையில் வந்தது. விதி இல்லையென்றால் விதி செய்யவேண்டும். எண்ணுவதை நிறுத்துவது எவ்வாறு நியாயமாகும் என்று நான் கொதித்தேன்.

கோர் தோல்வியை ஏற்றுப் பேசிய செய்தி 14ஆந் திகதி வந்தது. அன்று ஆசிரியர், “உனக்கேன் தம்பி இவ்வளவு கோபம்?” என்று கேட்டார். அப்பொழுது சொன்னேன்.

அதற்கு முந்திய ஒரு தேர்தலில் நான் வாக்கெண்ணும் மேசையொன்றிற் கடமையாற்றினேன். எந்தத் தேர்தல், எந்த மண்டபம் என்பன வேண்டா. விடியற்புறம் என் கையில் ஒரு சீட்டு வந்தது. புள்ளடிக்கு ஈடாக ஒற்றைக் கோடு. நடுங்கிய கை இழுத்த கோடு. ஒரு கட்டத்திலே தொடங்கி, எல்லையைத் தாண்டி அடுத்த கட்டத்தைச் சிறிது தீண்டியிருந்தது. யாருக்கு இடக் கருதினார் என்பது எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. ஐயமான சீட்டுகளைத் தனியே வைத்து மேலலுவலருக்குக் காட்டவேண்டும் என்று பணித்திருந்தனர். அவர் மண்டபத்தின் மறுகோடியில் நின்றார்; எனக்கோ தூக்கம். நான் அதை ஒழிந்தவற்றோடு வைத்துவிட்டேன். ஒருவரும் காணவில்லை. அத்தொகுதியில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே ஆயிரக்கணக்கில் வித்தியாசம். அக்கோட்டினால் ஒன்றும் மாறியிராது. எனினும் மழைக்காலத்தில் ஒரு முதியவர் வரிசையில் நின்று இழுத்த கோடு அது என்று என் மனம் கற்பித்துக்கொண்டது. முதியவரோ அல்லரோ, யாரறிவார்?

ஆசிரியர் என்னைக் கண்டிக்கவில்லை, ஆற்றவுமில்லை. தம் கதையைச் சொன்னார். இளமையில் ஒரு சிறு பிரபந்தத்தை ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதினாராம். ஓரிடத்திற் புழு அரித்து மூன்றெழுத்துப் போயிருந்தது. மோனை இன்னது, பொருள் இன்னது என்று துணிந்து, தாமே நிரப்பினார், நிரப்பியதாகக் குறிக்கவில்லை. பல ஆண்டு கழித்து வேறொரு பிரதி கிடைத்தபோது அங்கிருந்த சொல் வேறு. அதற்குள் இவருடைய சொல்லைப் பலர் மனனஞ் செய்துவிட்டனர்.

“நீ இருந்ததைத் தள்ளினாய். நான் இல்லாததைப் போட்டன்” என்றார். பின்பு தேநீர் வந்தது.

அடுத்த சனவரி 6ஆந் திகதி, தெரிவாளர் வாக்குகளை வாஷிங்ரனில் இரு சபையும் கூடி எண்ணியபோது, உப சனாதிபதி என்னும் முறையிலே தலைமை தாங்கியவர் கோரே. அவருக்குச் சார்பாகக் கீழ்ச்சபையினர் பலர் எழுந்து புளோரிடாவின் வாக்குகளை ஆட்சேபித்தனர். மேற்சபையினர் ஒருவராயினும் ஒப்பமிட்டாலன்றி ஆட்சேபம் செல்லாது என்பது அன்றைய விதி; ஒருவரும் ஒப்பமிடவில்லை. ஒவ்வொருவரையும் கோர் விதி கூறி அமர்த்தினார். பின்னர் 271 என்றும் 266 என்றும் தம் தோல்வியைத் தாமே வாசித்தார். ஒரு தெரிவாளர் வெற்றுச் சீட்டு இட்டமையால் அவர் தொகையில் ஒன்று குறைந்திருந்தது. இருபதாண்டு கழித்து, அதே நாளில், அதே கட்டடத்துள் வன்கும்பல் புகுந்த செய்தியைக் கேட்டபோது எனக்கு அவ்வாசிப்பு நினைவு வந்தது; கேட்டுப் பேச ஆசிரியர் அப்போது இல்லை.

2001 நவம்பரில் ஓர் ஆய்வு வெளிவந்தது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நிலையமொன்று, பத்திரிகைகள் சில கூடிப் பொருளுதவ, எண்ணப்படாத ஏறத்தாழ 175,000 சீட்டுகளை ஆராய்ந்தது. கோர் கேட்டபடி நான்கு மாவட்டங்களில் மட்டும் எண்ணியிருந்தால் வென்றிருப்பவர் புஷ். ஒழிந்த சீட்டுகள் அனைத்தையும் மாநிலமெங்கும் எண்ணியிருந்தால் மிகச் சிறு தொகையால் முந்தியிருப்பவர் கோர். எந்தப் பாடங் கொள்கின்றோமோ அந்தப் பொருள். இதை வாசித்துக் காட்டியபோது ஆசிரியர் சிரித்தார். “பாடபேதம் ரெண்டையும் அடிக்குறிப்பிலை போடலாம், கதிரை ஒண்டுதானே தம்பி” என்றார்.

குத்துச் சீட்டுகளை ஒழிக்க 2002இல் அமெரிக்கர் சட்டமியற்றிப் பொருளும் ஒதுக்கினர். ஆசிரியர் சில ஆண்டுகளில் மறைந்தார். எழுத்தாணியை அவர் பிள்ளைகள் வைத்திருக்கின்றனர். அந்த அஞ்சலட்டை என்னிடத்தில், தொல்காப்பியப் பிரதியின் எழுத்ததிகாரத்துள் உள்ளது. இதனை எழுதுமுன் எடுத்துத் தடவிப் பார்த்தேன். தொங்கலாய் விட்ட துண்டு எப்பொழுதோ உதிர்ந்து போயிற்று. ஊசலும் ஒருமூலையும் அப்படியே உள்ளன. நான்காவது சதுரத்தின் அழுத்தம், இத்தனை ஆண்டு நூலின் கனத்தின் கீழ்க் கிடந்து, விரலுக்குத் தட்டுப்படவில்லை.