மூங்கிலும் நெருப்பும்

மூங்கில் மரமன்று, புல் இனத்தைச் சேர்ந்தது. நெல்லுக்கும் அருகம்புல்லுக்கும் உறவான ஒரு செடி, ஏணியாகவும் பந்தற்காலாகவும் நின்று இவ்வளவு பாரம் தாங்குகிறதே என்று பாடம் படித்தபோது நாங்கள் வியந்தோம். எங்கள் குருசுக்குப்பத்தில் மீன் கூடை முதல் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வரை எத்தனையோ பொருள்களில் மூங்கிலைக் காணலாம். ஆனால் கூரைக்கு மூங்கில் என்றதும் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். "பற்றிக்கொண்டால் அவ்வளவுதான்" என்கிறார்கள்.

அந்த அச்சம் வீணானதன்று. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் எழுந்த தீ, மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவிற்று. எரியும் கூரை மூங்கில் கழிகளோடு பிள்ளைகளின் மேல் சரிந்தது. 94 குழந்தைகள் மாண்டனர். அதன் பின்னர் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றும்படி தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. நாங்கள் பிறப்பதற்கு முன் நடந்தது இது. ஆயினும் அந்த நாளைப் பற்றிப் பேசும்போது எங்கள் தாய்மாரின் குரல் இன்றும் தழுதழுக்கிறது.

அப்படியானால் மூங்கிலே ஆகாத பொருளா? அல்லது நாம் அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான் ஆபத்து இருக்கிறதா?

ஒரு தடித்த புத்தகத்தையும் அதிலிருந்து கிழித்த ஒரு தாளையும் எண்ணிப் பாருங்கள். (எண்ணத்தில்தான் கிழிக்கிறோம், சிஸ்டர் கோபிக்க வேண்டாம்!) தாள் நொடியில் எரிந்துவிடும். மூடிய புத்தகமோ ஓரங்களில் கருகி, உள்ளே நெடுநேரம் வெள்ளையாகவே இருக்கும். இரண்டும் ஒரே காகிதந்தான். தாளைச் சுற்றி எல்லாப் பக்கமும் காற்று இருக்கிறது. புத்தகத்தின் உள்ளே காற்று புக வழியில்லை. கீற்றும் வைக்கோலும் கிழித்த தாளைப் போன்றவை. முழு மூங்கில் கழியும் ஏறக்குறைய அப்படியே. அதன் சுவர் மெல்லியது, நடுவே வெற்றிடம். சூடு ஏறினால் கணுக்களுக்கு இடையே அடைபட்ட காற்று விரிந்து வேட்டுப்போல் வெடிக்கும். பிளந்த மூங்கிலை நெருப்பு உள்ளும் புறமும் தின்னத் தொடங்கும்.

உண்மையில் சுடர்விட்டு எரிவது மூங்கிலன்று, அதிலிருந்து எழும் ஆவியே. முதலில் ஈரம் வெளியேறுகிறது. சூடு 200 டிகிரி செல்சியசைத் தாண்டி ஏறும்போது மூங்கிலின் செல்லுலோஸ் சிதைந்து, எரியும் ஆவிகளை விடுகிறது. எஞ்சுவது கரி. இந்தக் கரி வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே அது உள்ளிருக்கும் பகுதிக்குப் போர்வையாகிறது. தடித்த மர உத்தரத்தில் கரி நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் ஆழந்தான் இறங்கும் என்று பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். எஃகு எரியாது என்பது மெய்தான். ஆனால் 600 டிகிரியை நெருங்கும்போது அது தன் வலிமையில் பாதிக்கு மேல் இழந்து வளைந்துவிடும்.

மூங்கிலையும் புத்தகம்போல் கெட்டியாக்க முடியும். அதன் வலிமை நீளவாக்கில் ஓடும் நார்களில், அதிலும் வெளித்தோலை ஒட்டிய நார்களில் செறிந்திருக்கிறது. எடைக்கு எடை ஒப்பிட்டால் இழுவிசையைத் தாங்குவதில் அது சாதாரண எஃகுக்குச் சளைத்ததன்று. குறுக்குவாக்கில்தான் பலவீனம், ஒரு கத்தி பட்டால் பிளந்துவிடும். கூடை முடைபவர்கள் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி இக்குறையை என்றோ தீர்த்துவிட்டார்கள். பெங்களூரில் 1962இல் தொடங்கப்பட்ட இந்திய ஒட்டுப்பலகைத் தொழில் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் இதே வழியைப் பின்பற்றியது. மூங்கில் பாய்களைப் பீனால் பார்மால்டிஹைடு பிசினில் தோய்த்து, உலர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சூடான இயந்திரத்தில் அழுத்தினார்கள். அலை அலையான அச்சில் அழுத்தியபோது கூரைத் தகடு கிடைத்தது. 2004இல் அதற்கென ஐ.எஸ். 15476 என்ற இந்தியத் தர நிர்ணயமும் வந்தது.

இங்கே பிசினின் பங்கு பெரிது. தச்சர்கள் பூசும் வெள்ளைப் பசை சூட்டில் இளகும். அப்போது அடுக்குகள் கழன்று, பலகை மறுபடியும் கிழித்த தாளாகிவிடும். பீனால் பிசின் அவித்த முட்டையைப் போன்றது. ஒருமுறை இறுகினால் மீண்டும் இளகாது. கடுஞ்சூட்டில் கரியாகுமே தவிர உருகி ஓடாது.

தீயை மேலும் தடுக்க வெண்காரமும் போரிக் அமிலமும் உதவுகின்றன. வெண்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். போரிக் தூளோ கேரம் பலகையில் தூவும் அதே தூள்தான்! ஆரோவில்லில் உள்ள மூங்கில் மையத்தில் பூச்சி அரிக்காமலிருக்க மூங்கிலை இக்கரைசலில் ஊறவைக்கிறார்கள். இவ்வுப்புகள் சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படிந்து காற்றைத் தடுக்கும்; எரியும் ஆவி குறைந்து கரி மிகும்படியும் செய்யும். சிஸ்டர் அருகில் நிற்க, ஆய்வகத்தில் நாங்கள் இரண்டு பிளாச்சுகளைச் சுடரில் காட்டினோம். சாதாரணப் பிளாச்சு சுடரைவிட்டு எடுத்த பின்னும் எரிந்துகொண்டே இருந்தது. கரைசலில் ஊறி உலர்ந்தது கறுத்தது, புகைந்தது, வெளியே எடுத்ததும் அணைந்தது.

ஆனால் இந்த உப்புகள் நீரில் கரைபவை. ஊறவைத்த கழியை அப்படியே கூரையில் வைத்தால் நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை மழை அவற்றைக் கழுவிவிடும். உப்பு அளவுக்கு மீறினால் பலகையின் உறுதியும் குறையலாம். ஆகவே மழைக்கும் காற்றுக்கும் நெருப்புக்கும் ஒருசேர ஈடுகொடுக்க, பிசினில் இறுகிய தகடே ஏற்றது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அதுவும் தீப்பிடிக்காத பொருளன்று. தீ மெதுவாகப் பரவும். பிள்ளைகள் வெளியேறச் சில நிமிடங்கள் கிடைக்கும். கும்பகோணத்தில் அந்தச் சில நிமிடங்கள் கிடைக்கவில்லை.

2022இல் திறக்கப்பட்ட பெங்களூர் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில், இவ்வாறு பக்குவப்படுத்திய மூங்கிலையே உட்கூரையெங்கும் அமைத்திருக்கிறார்கள். 2025 நவம்பர் 26ஆம் நாள் ஹாங்காங்கில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எரிந்து 150க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, கட்டடத்தைச் சுற்றியிருந்த மூங்கில் சாரத்தின்மேல்தான் பலரும் பழி சுமத்தினார்கள். பின்னர் அதிகாரிகளோ, சாரத்தைப் போர்த்தியிருந்த வலையையும் ஜன்னல்களில் ஒட்டியிருந்த நுரைப் பலகையையுமே முக்கியமாகச் சுட்டிக்காட்டினார்கள்.

இவ்வாண்டு பள்ளியின் கிறிஸ்துமஸ் குடிலுக்கான மூங்கில் பிளாச்சுகளை வெண்காரக் கரைசலில் ஊறவைத்துத் தருவதாக எங்கள் வகுப்பு ஏற்றுக்கொண்டிருக்கிறது. குடிலுக்குள் மின்விளக்குச் சரம் இருப்பதால் வைக்கோலையும் நனைத்தாக வேண்டும். சமையல் அண்டாவைத் தொடக்கூடாது, அது நஞ்சு என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பழைய டிரம் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறோம்.