வெந்நீருக்கு மட்டும் என்ன வந்தது?

தெற்குக் கேரளத்து ஆரியங்கோட்டில் ஒரு வீட்டின் அடுக்களையை எடுத்துக்கொள்வோம். பாத்திரம் கழுவும் தொட்டியில் பச்சைத் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டுகிறது. அதே குழாயை வெந்நீர்ப் பக்கம் திருப்பினால் நூலாக இறங்குகிறது. பிளம்பர் வந்து அண்ணாந்து பார்ப்பார். "பிரஷர் பத்தாது அக்கா, டேங்கை ஒரு நாலடி பொக்கி வைக்கணும்." இல்லாவிட்டால் பம்பு வாங்கச் சொல்வார். இரண்டுமே காசைக் கரைக்கிற யோசனைகள்.

மாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீருக்கு அழுத்தம் என்பது உயரம்தான். 10 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தும். டேங்கின் நீர்மட்டம் குழாய்க்கு மேலே 4 மீட்டரில் இருந்தால் கிடைப்பது 0.4 கிலோ. குறைவுதான், ஆனால் கீசருக்குப் போகும் தண்ணீரும் அதே டேங்கிலிருந்துதானே இறங்குகிறது? உயரம் இரண்டுக்கும் ஒன்றே. போதாததற்கு, 30 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் பாகுத்தன்மை சுமார் 40 சதவீதம் குறைந்துவிடும். நியாயமாகப் பார்த்தால் வெந்நீர்தான் சற்றுத் தாராளமாக ஓட வேண்டும்.

ஆக, அழுத்தத்தின் மேல் பழியில்லை. வழியில் எதுவோ அடைக்கிறது. எது அடைக்கிறது என்பதை ஊர் மண் தீர்மானிக்கிறது.

சுண்ணாம்புக்கல்லை நம்பி 1949-இல் சிமென்ட் ஆலையே எழுந்த தாழையூத்து போன்ற பகுதிகளில் தண்ணீர் கடினம். சூடேறியதும் அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் உடைந்து, வெள்ளைக் காரையாகக் கீசரிலும் குழாயிலும் படியும். யூடியூப்பில் காட்டும் வினிகர் வைத்தியம் அதற்கானது. நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கம் கதையே வேறு. இங்கே ரப்பர் தோட்டங்களுக்கு அடியில் கிடப்பது வெட்டுக்கல். மலப்புறம் அருகே அங்காடிப்புறத்தில் இதை ஈரமாக வெட்டியெடுத்து, காயவைத்து வீடு கட்டுவதைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், 1807-இல் வெளிவந்த தன் பயண நூலில் இதற்கு 'லாட்டரைட்' என்று பெயர் சூட்டினார். யுகயுகமாகப் பெய்த மழை, கரையக்கூடியதையெல்லாம் கழுவிக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் மிஞ்சிய மண் இது. வேர்கள் விடும் கார்பன் டை ஆக்சைடு மழைநீரில் கரைந்து மெல்லிய அமிலமாகிறது. அதைச் சமன்செய்ய இங்கே சுண்ணாம்புக்கல் இல்லை. அதனால் வெட்டுக்கல் பூமியின் கிணறுகள் பலவற்றில் நீர் மென்மையாகவும் சற்றுப் புளிப்பேறியும் இருக்கும். குடிநீரின் பிஎச் 6.5-க்குக் குறையக்கூடாது என்பது இந்தியத் தரம். பல கிணறுகள் அதற்கும் கீழே.

இந்தத் தண்ணீர் காரை படியவிடாது, உலோகத்தைத் தின்னும். பழைய ஜி.ஐ. பைப்பானால் முதலில் துத்தநாகப் பூச்சு போகும், பிறகு இரும்பு. தின்றது துருவாகத் திரும்பி வரும். இரும்பை விடத் துரு பல மடங்கு இடம் பிடிக்கும். குழாயின் உள்சுவரில் மிளகளவு முடிச்சுகள் எழும்பி, அறுத்துப் பார்த்தால் விரல் நுழைந்த இடத்தில் பென்சில்கூட நுழையாது. சூடு இந்த வேலையை விரைவுபடுத்துவதால் வெந்நீர் லைன் முதலில் கெடுகிறது. கிணற்றின் அடியில் ஆக்சிஜன் குறைவான இடத்தில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் இரும்பும், டேங்கில் காற்றுப் பட்டதும் செந்நிறத் தூளாக இறங்கிச் சேர்ந்துகொள்ளும்.

இனி கணக்கு. 15 மி.மீ. குழாய் துருவேறி 10 மி.மீ. ஆனால் ஓட்டம் எவ்வளவு குறையும்? பாதி என்று தோன்றும். சுழித்து ஓடும் தண்ணீரில் உராய்வு, விட்டம் குறையக் குறைய அதன் ஏறத்தாழ ஐந்தாம் அடுக்கில் ஏறுகிறது; அதே அழுத்தத்தில் கிடைப்பது சுமார் மூன்றில் ஒரு பங்குதான். டேங்கை நாலடி உயர்த்தினாலோ, ஓட்டம் கூடுவது சுமார் 14 சதவீதம்.

அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க ஸ்பானரும் ஒரு வாளியும் போதும். கீசர் சுவிட்சை அணைத்து, தண்ணீரை ஆறவிடுங்கள். குளியலறையின் வெந்நீர்க் குழாயில் தண்ணீர் நன்றாக வந்தால் கீசருக்குக் குறையில்லை. அடுக்களைத் தொட்டிக்குக் கீழே ஆங்கிள் காக்கை மூடி, ஹோஸைக் கழற்றி, வாளியைப் பிடித்து மறுபடி திறக்க வேண்டும். பாய்ந்து வந்தால் கோளாறு குழாயின் நுனிச் சல்லடையிலோ ஹோஸிலோ. சல்லடையைக் கழற்றித் தட்டினால் செம்மணல் உதிரும். இங்கும் நூலாகவே வந்தால் லைனைச் சந்தேகப்படுங்கள். கீசர் ஓடும்போது, திறந்ததும் நன்றாக வந்து, சூடு ஏற ஏற மெலிந்தால் அது வாஷர்: ரப்பர் சூட்டில் உப்பி வழியை மூடுகிறது. விட்டு விட்டுத் துப்பினால் காற்று. சூடாகும்போது தண்ணீரிலிருந்து வெளியேறும் காற்று, கதவுக்கு மேலே ஏறி இறங்கும் வளைவில் தங்கிவிடும். அந்த வளைவை எடுத்துவிட்டு லைனைத் தாழ்வாகக் கொண்டுபோவதே நிரந்தர வழி.

எல்லா இடத்திலும் வெந்நீர் மெலிவாக இருந்தால், கீசருக்குள் தண்ணீர் நுழையும் ஒருவழி வால்வில் துரு சிக்கியிருக்கலாம். ஓட்டம் கூடும் என்று சிலர் அந்த வால்வையே கழற்றி எறிகிறார்கள். பல கீசர்களில் மிகை அழுத்தத்தை வெளியேற்றுவதும் அதே வால்வுதான். அது இல்லாத கீசர் ஆபத்து. சுத்தம் செய்யலாம், மாற்றலாம், நீக்கக்கூடாது.

துருவேறிய ஜி.ஐ. லைனுக்கு மருந்தில்லை, சிபிவிசிக்கு மாற வேண்டும். சாதாரண பிவிசி சூட்டில் தொய்ந்துவிடும். கிணற்றுக்குச் சுண்ணாம்பு இடும் பழைய வழக்கம் புளிப்பைக் கொஞ்சம் குறைக்கும். கண்ணாடிப் பூச்சுள்ள கீசரானால் உள்ளே ஒரு மக்னீசியம் கம்பி இருக்கும். 1824-இல் ஹம்ஃப்ரி டேவி, கப்பலின் செப்புத் தகட்டைக் காக்கத் துத்தநாகத்தைப் பலிகொடுத்தாரே, அதே தந்திரம்: தொட்டிக்குப் பதிலாகக் கம்பி கரையும். புளித்த தண்ணீரில் அது வேகமாகவே கரையும் என்பதால் ஆண்டுக்கொரு முறை கழற்றிப் பார்ப்பது நல்லது. நடுவிலுள்ள எஃகுக் கம்பி வெளியே தெரிந்தால் புதிது போட வேண்டியதுதான்.