குடை சாயும் கோணம்

வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டுவண்டியின் ஒரு பக்கச் சக்கரம் வரப்பில் ஏறினால் என்ன ஆகும் என்று கிராமத்தில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. குடை சாயும். ஆஸ்திரேலியாவின் ஆட்டுப் பண்ணைகளிலும் மாட்டுப் பண்ணைகளிலும் ஓடுகிற நான்கு சக்கர குவாட் பைக்குக்கும் அதே கணக்குதான். ஆனால் ‘எந்த நிலத்திலும் ஓடும் வண்டி’ என்று பெயர் சூட்டி விற்பதால், வாங்குகிறவருக்கு அந்தக் கணக்கு நினைவுக்கு வருவதில்லை.

அந்நாட்டின் போட்டி, நுகர்வோர் ஆணையம் 2019-ஐ ஒட்டிச் சொன்ன நிலவரம் இது: குவாட் பைக் விபத்துகளில் ஆண்டுக்குச் சராசரியாக 16 பேர் சாகிறார்கள், நாளொன்றுக்கு ஆறு பேர் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார்கள், இருவர் உள்நோயாளியாகச் சேர்க்கப்படுகிறார்கள். செத்தவர்கள் எல்லாம் மணல்மேட்டில் சாகசம் காட்டிய இளவட்டங்கள் அல்லர். வேலி பார்க்கவும் களைக்கொல்லி தெளிக்கவும் போன வயதான விவசாயிகள் அதில் நிறைய. பலர் வேகமாகக்கூடப் போகவில்லை. சரிவில் மெதுவாகத் திரும்பும்போது வண்டி சாய்ந்து, சுமார் 300 கிலோ எடை நெஞ்சின்மேல் உட்கார்ந்துவிடும். எலும்பு முறியாமலேயே மூச்சு நின்றுவிடும். ஹெல்மெட் தலையைக் காக்கும், நெஞ்சைக் காக்காது.

ஏன் இவ்வளவு எளிதாகக் கவிழ்கிறது? இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அது சிறியதாக இருந்தால் வண்டி சீக்கிரம் சாயும். மரங்களுக்கு இடையே நுழைய வேண்டும் என்று குவாட் பைக்கை ஒடுக்கமாகச் செய்கிறார்கள். கல்லும் கட்டையும் அடியில் தட்டக் கூடாது என்று தூக்கிவைக்கிறார்கள். மேலே ஓட்டுநர். பின்னால் 100 லிட்டர் மருந்துத் தொட்டி. அந்தத் தொட்டி பாதி காலியானால் நிலைமை மேம்படும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். உள்ளே தளும்பும் தண்ணீர், வண்டி சாயும் பக்கத்துக்கே ஓடிச் சேரும்.

பல மாடல்களில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பூட்டியவை. திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம் மெதுவாகச் சுற்ற வழியில்லை. அதனால் ஓட்டுபவர் உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சமன்செய்ய வேண்டும் என்கின்றன தயாரிப்பாளர்களின் கையேடுகள். காலையிலிருந்து மருந்து தெளித்துக் களைத்தவர், ஒரு கண் ஆட்டு மந்தைமேல் இருக்கும்போது, இந்தக் கழைக்கூத்தை எத்தனை தடவை சரியாகச் செய்வார்?

2019 அக்டோபரில் வந்த கட்டாயப் பாதுகாப்புத் தரவிதி, பழியை ஓட்டுநர் தலையிலிருந்து கொஞ்சம் இறக்கி வண்டியின் பக்கம் திருப்பியது. 2020 அக்டோபர் 11 முதல், விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொரு புதிய குவாட் பைக்கிலும் ஓர் அட்டை தொங்க வேண்டும். சாய்மேசைமேல் வைத்துச் சாய்த்தால் எத்தனை பாகையில் அது இரண்டு சக்கரத்தில் நிற்கத் தொடங்குகிறது என்பதை அந்த அட்டை சொல்லும். ஓராண்டு கழித்து இரண்டாம் கட்டம். பண்ணை வேலைக்கான வண்டி பக்கவாட்டில் குறைந்தது 0.55 என்ற விகிதத்தைத் தாண்ட வேண்டும், அதாவது சுமார் 28.8 பாகை, முன்னும் பின்னும் 0.8. கூடவே இருக்கைக்குப் பின்னால் ஒரு காப்பு வளையம். வண்டி கவிழ்ந்தாலும் முழு எடையும் மேலே விழாமல், ஊர்ந்து வெளியேற இடம்விடும் வளையம் அது.

28.8 பாகை என்றால் அந்தச் சரிவு வரை அச்சமில்லை என்று பொருளல்ல. மேசை அசையாது; மலைச்சரிவில் பள்ளமும் முயல் வளையும் உண்டு. அந்த எண் இரண்டு வண்டிகளை ஒப்பிட்டுப் பார்க்கத்தான்.

தயாரிப்பாளர்கள் இதை எதிர்த்தார்கள். வளையமே காயப்படுத்தலாம், ஹெல்மெட்டும் பயிற்சியும் போதும் என்பது அவர்கள் வாதம். ஹோண்டா, யமஹா போன்ற பெரிய பெயர்கள் ஆஸ்திரேலியாவில் குவாட் பைக் விற்பதையே கைவிட்டன. இது முதல் மோதலும் அல்ல. அமெரிக்காவில் இதன் மூத்த அண்ணனான மூன்று சக்கர வண்டி, அரசு தொடுத்த வழக்கையடுத்து 1988-லேயே கடைகளிலிருந்து வெளியேறியது.

வாங்கியவருக்கு என்ன பிடிமானம்? அட்டையோ வளையமோ இல்லாமல் புதிய வண்டியை விற்பதே குற்றம். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, பாதுகாப்பற்ற பொருள் ‘பெரிய குறை’ உள்ள பொருள்; பணத்தைத் திருப்பித் தருவதா, வேறு வண்டி தருவதா என்று முடிவுசெய்வது வாங்கியவர், கடைக்காரர் அல்ல. 1,00,000 டாலர் வரையிலான பொருளுக்கு இந்த உத்தரவாதம் உண்டு என்பதால் பண்ணை வண்டிகளும் இதில் அடங்கும். பாதுகாப்புக் குறையால் காயம்பட்டவர் தயாரிப்பாளர்மேல் இழப்பீட்டு வழக்குப் போடலாம். குறை தெரியவந்த மூன்று ஆண்டுக்குள், வண்டி விற்பனைக்கு விடப்பட்ட பத்து ஆண்டுக்குள் போட வேண்டும். அதனால் ரசீதையும் அந்த அட்டையையும் பத்திரப்படுத்துவது நல்லது. சாவோ பெருங்காயமோ நேர்ந்ததை அறிந்த விற்பனையாளர் இரண்டு நாளில் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். கூலிக்கு ஓட்டுபவருக்கும் ஓர் உரிமை உண்டு: உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால், பெரும்பாலான மாநிலங்களில் வேலையை நிறுத்தலாம்.

ஓட்டைகளும் இருக்கின்றன. நாட்டுக்குள்ளேயே கைமாறும் பழைய வண்டிகளை இந்த விதி தொடுவதில்லை. ஏலத்தில் எடுத்த பத்து வருட வண்டிக்கு வளையத்தை வாங்கிப் பொருத்துவது எடுத்தவர் பொறுப்பு. இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும், கூரைச் சட்டமும் சீட் பெல்ட்டும் கொண்ட வண்டிக்கு மாறியவர்களுக்கும் இந்த விதி கிடையாது. அந்த ரகத்தில் யமஹா ரைனோவின் இரண்டு மாடல்களில் 46 பேர் இறந்ததாக அமெரிக்கப் பாதுகாப்பு ஆணையம் 2009-ல் அறிவித்தது. விசாரித்த விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வண்டி கவிழ்ந்தவை. சமதரையில், குறைந்த வேகத்தில் திரும்பும்போது கவிழ்ந்தவையும் பல. நிறையப் பேர் சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை. பின்சக்கரங்களை அகலப்படுத்தும் ஒரு துண்டைப் பொருத்துவது அன்று அறிவித்த திருத்தங்களில் ஒன்று.