காமிராவின் கண்ணுக்கு இமை!

நம் கண்ணில் தூசி விழாமல் காப்பது எது? இமை.

காமிராவுக்கும் அப்படி ஓர் இமை உண்டு. அதன் பெயர் ஷட்டர்.

பழைய காமிராவில் வெளிச்சம் பிலிமில் விழும். டிஜிட்டல் காமிராவில் பிலிம் கிடையாது. அந்த இடத்தில் சென்சார் என்ற சிறு தகடு இருக்கிறது. வெளிச்சத்தைப் படமாக ஆக்குவது அதுதான். அது கெட்டால் காமிரா குருடு!

கண்ணாடி போயிற்று

முன்பு வந்த பெரிய டிஜிட்டல் காமிராக்களில், லென்சுக்குப் பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று சாய்வாக இருக்கும். அதற்குப் பின்னால் ஷட்டர். அதற்கும் பின்னால்தான் சென்சார். லென்சைக் கழற்றினாலும் இரண்டு தடுப்புகள் இருந்தன.

பிறகு அந்தக் கண்ணாடி இல்லாத காமிராக்கள் வந்தன. சென்சாரில் விழும் காட்சியையே இவற்றின் திரையில் பார்க்கிறோம். அதற்காக ஷட்டர் திறந்தே இருக்கும். பல காமிராக்களில், நிறுத்திய பிறகும் அது மூடுவதில்லை. லென்சைக் கழற்றினால் தூசி உள்ளே போகும். எடுத்த படத்தில், நீல வானத்தில் கரும்புள்ளி தெரியும்.

மூடினால் போதுமா?

2018-ல் கேனான் கம்பெனியின் "ஈ.ஓ.எஸ். ஆர்" காமிரா வந்தது. அதை நிறுத்தியதும் ஷட்டர் தானாக மூடிக்கொள்ளும்.

நல்ல யோசனைதான். ஆனால் அதிலும் ஒரு சங்கடம் உண்டு.

ஷட்டர் மிக மெல்லிய தகடுகளால் ஆனது. விரல் பட்டால் கோணிப்போகலாம். சென்சாரின் மேலோ ஒரு கண்ணாடிச் சில்லு இருக்கிறது. தூசி அதன்மேல்தான் விழுகிறது. தூசியை நீக்கிவிடலாம். கோணிய ஷட்டரை மாற்றத்தான் வேண்டும்!

2021-ல் வந்த "நிக்கான் இசட் 9" காமிராவில் இயந்திர ஷட்டரே இல்லை. அந்த வேலையைச் சென்சாரே மின்சார முறையில் செய்கிறது. தூசியைத் தடுக்க மட்டும் தனி மூடி வைத்தார்கள்.

நீங்கள் செய்யவேண்டியது

காமிராவை நிறுத்திய பிறகே லென்சைக் கழற்றுங்கள். காமிராவின் வாய் கீழே பார்க்கட்டும். காற்றடிக்கும் இடம் வேண்டாம்.

உள்ளே விரலை விடாதீர்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். ரப்பர் ஊதியால் சென்சாரில் மெல்லக் காற்றடித்தால் போதும். மூடிய ஷட்டர் மீது காற்றடிக்க வேண்டாம்.

லென்சின் மூடியைப் போடாமல் வெயிலில் வைக்காதீர்கள். பூதக்கண்ணாடி பஞ்சைக் கருக்குவதுபோல், லென்ஸ் குவிக்கும் வெயில் ஷட்டரைக் கெடுத்துவிடும்.

மேடையில் சுழலும் லேசர் விளக்கிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. அதன் கதிர் நேரே பட்டால் சென்சார் பழுதாகலாம். படம் எடுக்கும்போது இமை திறந்திருக்கிறதே! அப்போது காமிராவைக் காக்க வேண்டியவர் நீங்கள்தான்.